அரங்கில் ஒரு விளக்குப் போதும்

"நிகழ்ச்சிகள் ஆரம்பமாக இருக்கின்றன. தயவுசெய்து உங்கள் கைத்தொலைபேசிகளை நிறுத்தி வையுங்கள்" என்னும் அறிவித்தலை நமது விழாக்களில் கேளாதார் இலர். மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை என்னும் வரிசையில் இதுவும் ஒரு சடங்காகி விட்டது. சடங்குக்குரிய மரியாதையுடன் அதனைக் கேட்கின்றோம். கேட்டபடி நடப்போர் சிலரே. திரை விலகிய மறுகணம் மண்டபத்தின் இருளில் ஐம்பது அறுபது சிறு திரைகள் மேலெழுகின்றன. மேடையிலே நாடகம் ஒன்று. அதற்கு முன்னால் அதே நாடகத்தின் அறுபது சிறு பிரதிகள். பின்வரிசையில் இருப்பவர் எதனைப் பார்ப்பது என்று அறியாது தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

இக்கட்டுரை எவரையும் குறைகூற எழுந்ததன்று. ஆயினும் இவ்விடயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. நமது பிள்ளைகள் நாடகம் நடிக்கும் நேரத்தில் பார்வையாளர் பகுதியில் எந்தத் திரையும் ஒளிரக் கூடாது; படம் பிடிப்பதற்கு வேறு ஒழுங்கு செய்யப்படவேண்டும் என்பதே அது. பெற்றோரிற் பலருக்கு இது உவப்பாக இராது என்பதை அறிவேன். பெற்றோர் கூட்டம் ஒன்றில் இதனைச் சொன்னபோது, "பிள்ளையைப் படம் எடுக்காட்டி ஏன் சேர் விழாவுக்கு வாறது?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாதிருந்த மறுமொழியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல முற்படுகின்றேன்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குறைபாடு என்று நம்மவரே நம்மை நொந்துகொள்வதுண்டு. "வெள்ளைக்காரர் எண்டால் இப்பிடிச் செய்வினமோ?" என்பார்கள். தாராளமாகச் செய்கிறார்கள். நாடகத்தின் தலைநகரங்கள் எனப் போற்றப்படும் இலண்டனும் நியூயோர்க்கும் இந்தத் தொல்லையோடு கால் நூற்றாண்டாக மல்லாடி வருகின்றன. 2005 ஆம் ஆண்டு இலண்டன் விண்டம்ஸ் அரங்கில் நடித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் கிரிபித்ஸ் என்னும் மூத்த நடிகர், பார்வையாளர் ஒருவரின் தொலைபேசி மீண்டும் ஒலித்தபோது நாடகத்தை நிறுத்தி, அவரை வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். 2015 ஆம் ஆண்டு யூலை மாதம் நியூயோர்க்கில் ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. பூத் அரங்கில் நாடகம் தொடங்குமுன் இளைஞர் ஒருவர் மேடையில் ஏறித் தமது தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்காக அங்கே சுவரில் இருந்த மின்செருகியில் வயரைச் செருகினார். அந்தச் செருகி காட்சியமைப்பின் ஒரு பகுதி; வெறும் பொம்மை. சில நாட்களின் பின்னர் லிங்கன் சென்ரரில் நடித்துக்கொண்டிருந்த பற்றி லுப்போன் என்னும் புகழ்பெற்ற நடிகை, காட்சி முழுவதும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாடகம் முடிந்தபின் அது உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம், இலண்டன் பார்பிகன் அரங்கில் ஹம்லெற்றாக நடித்த பெனடிக்ற் கம்பர்பாற்ச் நாடகம் முடிந்து மேடைவாசலுக்கு வந்து, அங்கே கூடிநின்ற இரசிகரிடம் படம் பிடிப்பதை நிறுத்துமாறு வேண்டிக்கொண்டார். ஒளிப்பதிவுக் கருவிகளின் சிவப்பு விளக்குகள் மேடையில் நிற்பவருக்குத் தெரிகின்றன என்றும், அவை தம்மைக் குலைத்து விடுகின்றன என்றும் அவர் விளக்கினார். இருட்டிலே அமர்ந்திருக்கும் நமக்கு நாம் மறைந்திருப்பதாக எண்ணம். மேடையில் நிற்பவரோ நம்மை ஒருவர் ஒருவராகக் காண்கிறார். 2017 இல் இலண்டனில் அதே ஹம்லெற் பாத்திரத்தை ஏற்ற அன்ட்ரூ ஸ்கொற் பின்னர் கூறிய செய்தி இதிலும் விசித்திரமானது. வாழ்வதா மடிவதா என்று அரசகுமாரன் தனிமொழி பேசும் புகழ்பெற்ற இடத்திலே பார்வையாளர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாராம். நடிகர் பேச்சை நிறுத்திக் காத்து நின்றார். அந்த மின்னஞ்சலில் அப்படி என்னதான் அவசரம் இருந்ததோ, நாம் அறியோம்.

இவையெல்லாம் அலட்சியத்தால் நிகழ்ந்தவை. நல்ல மனிதரும் சிக்கிக்கொள்ளும் ஒரு பொறி வேறு உண்டு. 2012 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் திகதி நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. இது நாடகமன்று, இசையரங்கு; எனினும் பாடம் ஒன்றே. ஒலி படிப்படியாகக் குறைந்து மௌனத்தில் கரையும் அதன் இறுதிப் பகுதியில், முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவரின் தொலைபேசி விடாது ஒலித்தது. இசை இயக்குநர் அலன் கில்பேட் வாசிப்பையே நிறுத்தினார். அம்முதியவர் பல்லாண்டு காலமாக அவ்விசை நிகழ்ச்சிகளுக்கு வருபவர். தொலைபேசியை ஒலியற்ற நிலையில் வைத்தே வந்திருந்தார். ஒலித்ததோ அழைப்பு அன்று, துயிலெழுப்பும் மணி. முதல் நாள்தான் அந்தப் புதிய கருவி அவர் கைக்கு வந்திருந்தது. அழைப்பு ஒலியை அடக்கினாலும் துயிலெழுப்பும் மணி அடங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பின்னர் இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் இரண்டு நாட்கள் உறங்கவில்லை என்றும் செய்தித்தாள்கள் எழுதின. ஆகவே பெற்றோர்களே, 'சைலன்ற்' என்பதை நம்பாதீர்கள். கருவியை முற்றாக அணைத்துவிடுங்கள். கைக்கடிகாரத்தையும் மறவாதீர்கள். இக்காலத்துக் கடிகாரங்கள் கையை உயர்த்தியவுடன் ஒளிர்கின்றன. ஒருவர் கைதட்டும்போதெல்லாம் அவரது மணிக்கட்டில் மின்மினி பறக்கின்றது.

சட்டத்தால் இதனைத் தடுக்க முடியாதா என்று கேட்கலாம். நியூயோர்க் நகரசபை 2003 இல் அப்படியொரு சட்டத்தை நிறைவேற்றியது. அரங்குகளில் நிகழ்ச்சி நடைபெறும் வேளை கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவோருக்கு 50 டொலர் தண்டம். 'நடைமுறைப்படுத்த இயலாது' என்று மேயர் மறுப்பாணை இட்டும் சபை அதனை மீறி நிறைவேற்றியது. மேலே நான் கூறிய 2012, 2015 ஆம் ஆண்டு நியூயோர்க் சம்பவங்கள் அச்சட்டம் இருக்கும்போதே நடந்தவை. சீனாவின் பெய்ஜிங், ஷாங்காய் நகர்களின் பெரிய அரங்குகளிலே பணியாளர்கள் பின்னால் நின்று, தொலைபேசியை எடுப்பவரின் திரைமீது லேசர்க் கதிரைப் பாய்ச்சுகின்றனர். ஓர் ஒளியைத் துரத்த இன்னோர் ஒளி! எனக்கு இம்முறை சற்றும் பிடிக்கவில்லை. வந்தவரை நாணவைத்து அனுப்பும் அரங்குக்கு அவர் மறுமுறை வருவாரா? அலைவரிசையைத் தடைசெய்யும் கருவியை வாங்கிப் பொருத்தலாம் என்று நமது பெற்றோர் ஒருவர் யோசனை கூறினார். பிரித்தானியாவில் அது 2006 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

இனி, வலுவான ஒரு மறுப்பைக் கவனிக்க வேண்டும். "மௌனமாக இருந்து நாடகம் பார்ப்பது நமது பண்பாடு அன்று, அது ஆங்கிலேயரிடம் கற்றது" என்று கூத்து அறிந்த பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். மட்டக்களப்பின் வட்டக்களரியைச் சுற்றி அமர்ந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காத்தவராயன் கூத்து நடக்கும் இரவுகளில் பாயோடும் தலையணையோடும் போனார்கள், வெற்றிலை போட்டார்கள், கடலை கொறித்தார்கள், பிள்ளைகள் தாயின் மடியில் உறங்கி, முக்கியமான கட்டம் வந்ததும் எழுப்பப்பட்டார்கள். நடிகனின் பாட்டு நன்றாயின் வாய்விட்டுப் பாராட்டினார்கள். சோர்ந்தால் அதையும் வாய்விட்டே சொன்னார்கள்.

ஆங்கிலேயரும் என்றும் மௌனிகளாக இருந்தவர்கள் அல்லர். சேக்ஸ்பியரின் குளோப் அரங்கு கூரையற்ற முற்றத்துடன் பகல் வெளிச்சத்தில் நாடகம் நடத்திய இடம். முற்றத்தில் நின்றோர் தின்றும் குடித்தும் கூச்சலிட்டும் பார்த்தனர். தேம்ஸ் நதிக்கரையில் 1997 இல் திறக்கப்பட்ட அதன் புத்துருவில் இன்றும் நின்றுகொண்டு நாடகம் பார்க்கலாம். நமது உயர்வகுப்பு மாணவர்கள் ஒரு தடவையாவது போய்வர வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளிலும் பெரும்பாலான அரங்குகளில் நாடகம் நடக்கும்போதே பார்வையாளர் பகுதியின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. சீமான்களும் சீமாட்டிகளும் ஒருவரை ஒருவர் பார்க்க வந்த இடமாகவும் அது இருந்தது. 1876 இல் ஜேர்மனியின் பைரொயித் நகரில் வாக்னர் தமது இசைநாடக அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பகுதியை இருளாக்கினார். அவ்வழக்கம் பரவி நிலைத்தது. இருளோடு மௌனமும் வந்தது. ஆகவே இன்றைய அரங்க ஒழுக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயதுடையதுதான்.

அப்படியாயின் கூத்துப் பார்த்த நாம் தொலைபேசியோடு நாடகம் பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நான் வேறுபடுகின்றேன். கூத்துக் களரியைச் சுற்றி இருந்தவர் பேசியது கூத்தைப் பற்றி. சிரித்தது களரியில் நின்றவனைப் பார்த்து. அவருடைய இரைச்சலும் கூத்தின் ஒரு பகுதியாயிற்று. அண்ணாவியாரும் அதற்கேற்பப் பாட்டை நீட்டினார், சுருக்கினார். தொலைபேசியைப் பார்ப்பவரோ சத்தம் எதுவும் செய்யாமலே களரியை விட்டுப் போய்விடுகிறார். அவரது உடல் மூன்றாம் வரிசையில். அவர் இருப்பது வேறெங்கோ. இரைச்சலிடும் பார்வையாளனை நடிகன் வென்றெடுக்கலாம். அங்கே இல்லாத பார்வையாளனை என்ன செய்வது?

ஒளியைப் பற்றியும் நமது மரபு மிகுந்த கவனம் கொண்டிருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்த மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். மாதவி ஆடிய அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளவு சொன்ன இளங்கோவடிகள், திரைச்சீலைகள் மூன்று வகை என்றும் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்குகளை வைக்கவேண்டும் என்பதையும் குறித்தார். ஆடுமகளின்மீது ஒரு தூணின் நிழல் விழுவதையே பொறுக்காத மரபு அது. வேண்டாத நிழலுக்கு அவர்கள் அஞ்சினார்கள். நமக்கோ வேண்டாத வெளிச்சம் வந்து வாய்த்திருக்கிறது.

நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. 1990 இன் பின்னர் பல ஆண்டுகள் நாங்கள் ஜாம்போத்தல் விளக்கிற் படித்தோம். சைக்கிள் தைனமோவைக் கையாற் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிருந்த அந்நாட்களிலும் கோவில் வீதிகளிலும் பாடசாலை முற்றங்களிலும் நாடகங்கள் நடந்தன. எங்கும் காரிருள், நடுவே ஒரு பெற்றோமக்ஸ். அந்த ஒரு விளக்கின் கீழ் வந்து நிற்பவன் அயல்வீட்டுக் கந்தையா அண்ணையாகவே இருந்தாலும் அவன் அந்நேரம் அரிச்சந்திரன்தான். அவனைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. இடையில் விமானத்தின் இரைச்சல் கேட்டால் விளக்கை மூடுவார்கள். இருளில் அசையாது இருப்போம். சத்தம் தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டுத் தொடரும். எந்நேரத்தில் எந்த ஒளியைக் காட்டக்கூடாது என்பதைக் குழந்தைகளும் அறிந்திருந்த காலம் அது. அக்காலம் மீளவேண்டும் என்று யாரும் விரும்பார். ஓர் ஒளி மட்டும் எரியும்போது நூறு பேர் எவ்வளவு ஒன்றாகிப் பார்க்க முடியும் என்பதை நான் கண்டிருக்கிறேன் என்பதற்காகவே இதனைச் சொல்கின்றேன்.

விஞ்ஞானமும் இதற்குக் காரணம் கூறும். விழித்திரையின் ஓரப்பகுதி மங்கிய ஒளியையும் அசைவையும் விரைவில் உணரவல்லது. இருளிலே முன்வரிசையில் ஒரு திரை ஒளிர்ந்தால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கண் அங்கே ஓடும். 'நான் என்பாட்டில் ஒரு செய்தியைப் பார்த்தேன், யாருக்கு இடைஞ்சல்?' என்பவர், தமக்குப் பின்னாலுள்ள முப்பது பேரின் கண்களை அக்கணம் மேடையிலிருந்து திருப்பிவிட்டார் என்பதே உண்மை. இதில் நல்லெண்ணம் தீயெண்ணம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கண்ணின் அமைப்பு அப்படி.

மேடையில் நிற்பவருக்கு நேர்வது இதனினும் பெரிது. சென்ற ஆண்டுகளில் ஒன்றில் எனது வகுப்பு மாணவி ஒருத்தி, ஒன்பது வயதுச் சிறுமி, நாடகத்தில் ஒரு பாட்டியாக நடித்தாள். ஆறு கிழமையாக ஒத்திகை. வீட்டில் ஆங்கிலமே பேசும் அப்பிள்ளை, 'ழ'கரம் வராமல் அழுது, பின் வந்து, பதினொரு வசனங்களைப் பாடமாக்கியிருந்தாள். மேடையில் ஏழாவது வசனத்தில் நின்றுவிட்டாள். பின்னர் திரைக்குப் பின்னால் அவளைத் தேற்றியபோது அவள் சொன்னாள்: "மறந்தாப்பிறகு அம்மாவைப் பாத்தன் சேர். அவவின்ர முகம் தெரியேல்ல. போன்தான் தெரிஞ்சுது."

அந்தத் தாய் அன்பற்றவரா? அல்லர். முதல் வரிசைக்காக ஒன்றரை மணிநேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தவர். மகளின் ஒவ்வொரு சொல்லையும் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆசையில் அவர் கை வலிக்க வலிக்கத் தொலைபேசியை முகத்தின்முன் பிடித்திருந்தார். பிள்ளைகள் மேடையில் சொல் தடுமாறும்போது தேடுவது ஆசிரியரின் குறிப்பை அன்று, தமக்குரியவரின் முகத்தை. தாய் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், மறந்த வசனம் தானே வரும். திருக்குறளில் அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் 72 ஆம், 73 ஆம் அதிகாரங்கள் உள்ளன. அவையிற் பேசுபவர் அவையின் தன்மையை அறிந்து அஞ்சாமற் பேசவேண்டும் என்பது அவற்றின் பொருள். அறிவதற்கு முகங்கள் வேண்டாமா? கறுத்த சதுரங்களின் வரிசையைப் பார்த்து ஒன்பது வயதுப் பிள்ளை எந்த அவையை அறியும்?

படம் பிடிக்கும் பெற்றோரைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1981 இல் நமது நூலகம் எரிந்தது. அதன்பின் இடப்பெயர்வு ஒவ்வொன்றின்போதும் வீடுகளில் இருந்த படங்கள் போயின. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களிற் பலர் கையில் பெற்றோரின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. நான் படிப்பித்த பாடசாலையில் மாணவர்கள் மேடையேற்றிய நாடகங்களில் ஒன்றுக்கேனும் இன்று ஒரு நிழற்படம் கிடையாது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியபோது பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், ஓய்வறையில் எங்களுக்கு அதனைக் காட்சி காட்சியாக நடித்தே காட்டுவார். அவர் நினைவிலிருந்தே அதனை நான் அறிந்தேன். இத்தனையையும் இழந்த சமூகம் கையிற் கருவி கிடைத்தவுடன் எல்லாவற்றையும் பதிவுசெய்யத் துடிப்பதில் வியப்பில்லை. ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் விசா கிடைப்பதில்லை. பேரப்பிள்ளையின் நாடகம் அவர்களுக்கு வட்ஸ்அப்பில் மட்டுமே கிடைக்கும். எனவே பதிவு வேண்டும். வேண்டவே வேண்டும். அறுபது பேர் அறுபது கைகளால், ஆளுக்காள் மற்றவரின் பிடரியைப் படம்பிடிக்கும் இந்த முறைதான் வேண்டாம். அப்படங்களை மறுநாள் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதித் திரையில் யாரோ ஒருவரின் உயர்த்திய கை, மீதியில் ஆடும் வெளிச்சம், ஒலியோ பக்கத்தில் அழும் குழந்தையினது.

நேரலையாக முகநூலில் ஒளிபரப்புவதுபற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகின்றேன். நமது மண்டபத்தில் இருப்போர் எல்லோருடைய நிலையும் ஒன்றன்று. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். தாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஊரிலுள்ள சிலர் அறிவது தம் உறவினருக்கு ஆபத்தாகலாம் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பிணக்கால் முகவரியை மறைத்து வாழும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் தமது பிள்ளையின் நாடகத்தைப் பார்க்க வந்து, அடுத்தவர் நேரலையில் தம் முகம் ஓடுவதைக் கண்டு பாதியில் எழுந்து போனால், அப்பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? சட்டத்தின் துணையும் இங்கே உண்டு. 1988 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துபவரின் சம்மதமின்றி அவரது நிகழ்வைப் பதிவுசெய்து பரப்பக் கூடாது என்கிறது. கம்பர்பாற்ச்சுக்கு உள்ள அந்த உரிமை நாலாம் வகுப்புப் பாட்டிக்கும் உண்டு என்றே நான் கொள்கின்றேன்.

ஒழுங்கு என்று வரும்போது கண்மூடித்தனமும் கூடாது. நீரிழிவு நோயுள்ள பிள்ளைகள் சிலரின் உடலிற் பொருத்திய உணரி, குருதியில் வெல்லத்தின் அளவைத் தொலைபேசிக்கே அனுப்புகின்றது. அளவு ஆபத்தாகக் குறைந்தால் அது ஒலித்தே தீரவேண்டும். காதுகேளாதோர்க்கான கருவிகளும் இருக்கின்றன. இலண்டன் தேசிய அரங்கு 2018 முதல் வசனங்களை எழுத்தாகக் காட்டும் கண்ணாடிகளையே வழங்கியது. வைத்தியசாலையிற் கடமைக்கு அழைக்கப்படக் கூடியவர்கள், நோயுற்ற பெற்றோரை வீட்டில் விட்டுவந்தவர்கள் என்போரும் நம்மிடையே உளர். அருகில் இருப்பவரின் கருவி ஒலித்தவுடன் திரும்பி முறைப்பதற்கு முன் இவற்றையும் நினைக்கவேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் பின்வரிசையிற் கூட்டமாக இருந்து விளையாட்டுச் செயலிகளில் மூழ்கிவிடுகின்றீர்கள். உங்களுக்குப் பின் மேடையேறும் மூன்றாம் வகுப்புத் தம்பிகள் உங்களைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்திரைக்குப் பின்னால் தொலைபேசியை எடுப்பதும் தகாது. வேடமிட்ட அரசன் ஒருவன் திரையோரத்தில் நீல வெளிச்சத்தில் முகம் மின்ன நின்றதைச் சபையோர் கண்டு சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

பாடசாலை நிர்வாகத்தினரிடம் நான் முன்வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். விழாவுக்கு முந்திய சனிக்கிழமை, முழு வேடத்தோடும் ஒளியமைப்போடும் நடக்கும் இறுதி ஒத்திகைக்குப் பெற்றோரை அழைத்தல். அன்று மேடையின் அருகில் வந்தும், நிலத்தில் இருந்தும், விரும்பிய கோணத்திலிருந்து அவரவர் தம் பிள்ளையைப் படம் பிடிக்கலாம். பிறர் பிள்ளையை இணையத்தில் இடக்கூடாது என்பதே நிபந்தனை. இலண்டன் தேசிய அரங்கு 2009 முதல் தனது நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்புகின்றது. அவர்களும் ஒளிப்பதிவுக்கென்று தனி ஒத்திகை வைத்தே செய்கிறார்கள். அவர்களுக்கு அவசியமானது நமக்கு மிகை ஆகாது. விழா நாளில் மண்டபத்தின் பின்புறம் முக்காலியில் ஒரேயொரு கருவி. மேடையருகில் ஒரு நல்ல ஒலிவாங்கி. பதிவைப் பெற்றோரின் சம்மதம் பெற்று, குடும்பங்களுக்கு மட்டும் இரண்டு கிழமைக்குள் வழங்குதல். அம்மம்மாவுக்கு அதை அனுப்பலாம். அதில் யாருடைய பிடரியும் இராது. மருத்துவக் காரணத்தால் அல்லது கடமையின் பொருட்டுத் தொலைபேசி தேவைப்படுவோர்க்குக் கதவருகே கடைசி வரிசையில் எட்டு ஆசனங்கள். காரணத்தை யாரும் கேட்கக் கூடாது.

ஒவ்வொரு நாடகமும் முடிந்தபின் மண்டபத்தின் எல்லா விளக்குகளும் ஏற்றப்படும். நடித்த பிள்ளைகள் அனைவரும் வேடத்தோடு மூன்று நிமிடம் மேடையில் நிற்பார்கள். அப்பொழுது எத்தனை தொலைபேசிகள் வேண்டுமானாலும் உயரட்டும். முன்வரிசையில் இருப்போர் மட்டும் எழுந்து நிற்காமல் இருந்தபடியே எடுத்தால், பின்னால் இருப்போரின் படத்திலும் பிள்ளைகள் விழுவார்கள்.